தள்ளுபடி ஆகமமா, இணைத் திருமுறையா? கத்தோலிக்க – புராட்டஸ்டண்ட் வேறுபாடுகள்: கேள்வி பதில்

கேள்விகளுக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் புராட்டஸ்டண்ட் சபையில் வளர்ந்தவன், இன்றும் அங்கேதான் இருக்கிறேன். ஆனால் கத்தோலிக்கக் கொள்கையை நான் விளக்கினால், படிக்கிற கத்தோலிக்கர் “ஆமாம், நாங்கள் நம்புவது இதைத்தான்” என்று சொல்லவேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் தவறு என்னுடையது, திருத்துங்கள்.

கேள்வி: ஐயா, கத்தோலிக்க பைபிளில் ஏழு புத்தகம் கூடுதலாக இருக்கிறதே. அவர்கள் சேர்த்தார்களா, நாம் எடுத்தோமா?

இரண்டு பதிலையும் மேடைகளில் கேட்டிருக்கிறேன். இரண்டுமே அரைகுறை.

புதிய ஏற்பாட்டின் 27 நூல்களில் இரு தரப்புக்கும் சண்டையே கிடையாது. பழைய ஏற்பாட்டில்தான் அவர்களுக்கு 46, நமக்கு 39. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு நூல்கள் என்று ஏழு. எஸ்தர், தானியேல் நூல்களிலும் சில பகுதிகள் கூடுதல். ஆதிச் சபை பெரும்பாலும் பயன்படுத்திய ‘எழுபதின்மர்’ கிரேக்க மொழிபெயர்ப்பின் வழியாக வந்தவை இவை. எபிரெய பைபிளில் இவை இல்லை. லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் எபிரெயத்தில் உள்ளதே திருமுறை, அதாவது வேதம் என்று ஏற்கவேண்டிய நூல்களின் பட்டியல், என்றார். அதே காலத்து ஆயர் அகுஸ்தீன் இவற்றையும் ஏற்றார். 393இல் ஹிப்போவிலும் 397இல் கார்த்தேஜிலும் கூடிய சங்கங்கள் அகுஸ்தீன் பக்கம் நின்றன.

ஆகவே 1546இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் புதிதாகச் சேர்த்தது என்பது சரியல்ல. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் பிடுங்கி எறிந்தார் என்பதும் சரியல்ல. 1534இல் வந்த அவருடைய முழு ஜெர்மன் பைபிளில் இந்த நூல்கள் இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவே இருக்கின்றன. வேதத்துக்குச் சமம் அல்ல, ஆனால் படிக்க நல்லவை, பயனுள்ளவை என்ற குறிப்போடு. 1611இன் கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளிலும் இருந்தன. திரெந்து செய்தது வேறு. அதுவரை அறிஞர்களுக்கு இருந்த சந்தேகப்படும் இடத்தை அது மூடிவிட்டது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் 2 மக்கபேயர் 12ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். போரில் விழுந்தவர்களைப் புதைக்கப் போகிறார்கள். ஒவ்வொருவனுடைய உள்ளாடைக்குள்ளும் விக்கிரகத் தாயத்து. படைத்தலைவர் யூதா மக்கபே இரண்டாயிரம் வெள்ளி திராக்மா திரட்டி, அவர்களுக்காகப் பாவநிவாரண பலி செலுத்த எருசலேமுக்கு அனுப்புகிறார். இறந்தவர்களுக்காக ஜெபிப்பதற்கும் உத்தரிக்கிற ஸ்தலத்துக்கும் (மோட்சத்துக்கு முன் ஆன்மா தூய்மையாகும் நிலை) கத்தோலிக்கர் காட்டும் முக்கியமான இடம் இது. இந்த ஏழு நூல்களும் நமக்கோ ‘தள்ளுபடி ஆகமம்’ (வேதத்தில் சேராதவை), அவர்களுக்கு ‘இணைத் திருமுறை’ (வேதத்தின் பகுதியே). வைத்த பேரிலேயே வழக்கு முடிந்துவிடுகிறது.

கேள்வி: நற்செயல் செய்து மோட்சத்தைச் சம்பாதிக்கலாம் என்றுதானே கத்தோலிக்கர்கள் நம்புகிறார்கள்?

இல்லை தம்பி. 1547இல் திரெந்து சங்கம் இது பற்றி வெளியிட்ட தீர்ப்பின் முதல் விதியே, கிறிஸ்துவின் வழியாக வரும் அருள் இல்லாமல் தன் கிரியைகளால் ஒருவன் நீதிமானாகலாம் என்று சொல்பவனைச் சபிக்கிறது. நம்மில் பலர் இதைப் படிக்காமலேயே பிரசங்கம் செய்கிறோம். எனக்கு அது வருத்தம்.

உண்மையான வேறுபாடு ‘நீதிமானாக்குதல்’ என்ற சொல்லில் இருக்கிறது. நாம் சொல்வது: பாவியாக நிற்கும்போதே, கிறிஸ்துவின் நீதியைப் பார்த்துக் கடவுள் என்னை நீதிமான் என்று தீர்க்கிறார். பரிசுத்தமாகுதல் அதைத் தொடர்ந்து வருவது. அவர்கள் சொல்வது: கடவுள் தீர்ப்பு சொல்வதோடு நிற்பதில்லை. அருளை உள்ளே பொழிந்து உண்மையிலேயே நீதிமானாக மாற்றுகிறார். அது வளரும், சாவான பாவத்தால் (தெரிந்தே மனதார செய்யும் பெரும் பாவம்) இழக்கவும்படும்.

அதே நண்பர்: கிரியைகள் இல்லாமல் விசுவாசத்தினாலே மனிதன் நீதிமானாக்கப்படுகிறான் என்று ரோமர் 3:28 தெளிவாக இருக்கிறதே? அப்புறம் விசுவாசத்தினாலே மட்டும் அல்ல, கிரியைகளினாலும் என்கிற யாக்கோபு 2:24ஐ என்ன செய்வது?

ரோமர் 3:28இல் ‘மட்டுமே’ என்ற சொல் கிரேக்கத்தில் இல்லை. 1522இல் லூத்தர் அதை ஜெர்மனில் சேர்த்தார். பொருளைச் சொல்ல ஜெர்மன் நடைக்கு அது வேண்டும் என்பது அவர் வாதம். ‘விசுவாசம் மட்டும்’ என்ற தொடர் வேதத்தில் வரும் ஒரே இடம் யாக்கோபு 2:24. அங்கே “மட்டும் அல்ல” என்றே வருகிறது! இதைக் கத்தோலிக்கர் எடுத்துக் காட்டும்போது நாம் நெளியக்கூடாது. பவுல் கேட்பது எதனால் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்று. யாக்கோபு கேட்பது செத்த விசுவாசத்தால் என்ன பயன் என்று. இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வின் சொன்னது இதற்குப் பொருந்தும்: நீதிமானாக்குவது விசுவாசம் மட்டுமே, ஆனால் அந்த விசுவாசம் தனியாக இருப்பதில்லை.

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் இதைப் பற்றி ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியமும் சேர்ந்துகொண்டன. எல்லாம் தீர்ந்துவிடவில்லை. நற்செயலின் ‘பேறுபலன்’ (கடவுள் முன் அதற்கு உரிய கைம்மாறு) என்ன, இரட்சிப்பின் நிச்சயம் உண்டா என்பவை அப்படியே நிற்கின்றன. ஏற்காத சபைகளும் பல.

கேள்வி: போப் பாவமே செய்யமாட்டாரா?

அப்படி அவர்கள் சொல்லவே இல்லை. போப்பும் குருவிடம் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செய்கிறவர்தான். 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் சொன்னது, விசுவாசம், ஒழுக்கம் பற்றி முழுத் திருச்சபைக்கும் அதிகாரபூர்வமாக வரையறுக்கும்போது அவர் தவறமாட்டார் என்பது. அதற்குப் பிறகு அப்படி வரையறுத்தது 1950இல், மரியாளின் விண்ணேற்பு பற்றி. நான் அதை ஏற்கவில்லை. ஆனால் மறுப்பதானால் இதை மறுக்கவேண்டும்.

கேள்வி: “இந்தப் பாறையின்மேல் என் சபையைக் கட்டுவேன்” என்று இயேசு பேதுருவிடம் சொல்லும் மத்தேயு 16:18இல் பாறை பேதுருவா, அவருடைய விசுவாச அறிக்கையா?

கிரேக்கத்தில் பெத்ரொஸ், பெத்ரா என்று இரண்டு சொல் இருப்பதைக் காட்டி, பேதுரு சிறு கல், பாறை வேறு என்பார்கள் நம்மவர்கள். பலவீனமான வாதம். அரமேயத்தில் இரண்டுக்கும் கேபா என்ற ஒரே சொல்தான். பேதுருவே பாறை என்று ஒத்துக்கொள்ளும் புராட்டஸ்டண்ட் விளக்கவுரையாளர்கள் நிறையப் பேர். ஆனால் அந்தப் பொறுப்பு வாரிசாக ரோமாபுரி ஆயருக்குப் போகிறது என்பது அந்த வசனத்தில் எங்கே இருக்கிறது? கட்டவும் அவிழ்க்கவும் அதிகாரம் 18:18இல் மற்றச் சீடர்களுக்கும் கொடுக்கப்படுகிறது. அந்தியோகியாவில் பவுல் பேதுருவை முகத்துக்கு நேரே எதிர்த்தார் (கலாத்தியர் 2:11).

கேள்வி: நான் கத்தோலிக்கப் பெண், அண்ணா. ‘வேதம் மட்டுமே’ என்று வேதத்தில் எங்கே எழுதியிருக்கிறது?

அந்த வாக்கியம் இல்லை, தங்கச்சி. 2 தீமோத்தேயு 3:16–17 வேதம் கடவுளால் அருளப்பட்டது, தேவமனிதனை எல்லா நற்செயலுக்கும் தகுதியாக்குவது என்கிறது. அதிலிருந்து நாங்கள் இந்த முடிவுக்கு வருகிறோம். பாரம்பரியம் வேண்டாம் என்பது அதன் பொருள் அல்ல. நிசேயா விசுவாச அறிக்கையை நாங்களும் சொல்கிறோம். தவறாத கடைசி நீதிபதி வேதம்தான் என்பதே பொருள்.

இதில் எங்கள் வலி எது என்பதையும் சொல்கிறேன். 1529இல் ஜெர்மனியின் மார்பர்கில் லூத்தரும் சூரிக்கின் சீர்திருத்தவாதி ஸ்விங்கிலியும் திருவிருந்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தார்கள். “இது என் சரீரம்” என்ற வசனத்தை லூத்தர் மேசைமேல் சாக்கட்டியால் லத்தீனில் எழுதி, விரிப்பால் மூடி வைத்தார். வாதம் முற்றியபோது விரிப்பை விலக்கிக் காட்டினார். 15 குறிப்புகளில் 14இல் உடன்பாடு. கடைசி ஒன்றின் முக்கியப் பகுதியில் பிரிந்தார்கள். இருவருக்கும் வேதம்தான் நீதிபதி, மேசைமேல் அதே நான்கு சொற்கள்தான். நீங்கள் எங்களைக் கேட்கும் கேள்வி அந்த மேசையிலேயே இருக்கிறது.

நான் திருப்பிக் கேட்பதும் ஒன்று உண்டு. போதிக்கும் அதிகாரம் (போப்பும் ஆயர்களும்) இறைவார்த்தைக்கு மேலானது அல்ல, அதற்குப் பணிசெய்வது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அழகாகச் சொன்னது. ஆனால் அந்தப் பணியாள் தவறினால் அதைத் தவறு என்று எடுத்துச் சொல்ல யாருக்கு உரிமை? 1521இல் வோர்ம்ஸ் நகரில் போப்புகளும் சங்கங்களும் பலமுறை தவறியிருக்கிறார்கள் என்று லூத்தர் சொன்னபோது கேட்டது இதைத்தான்.

கேள்வி: பாவமன்னிப்புச் சீட்டு இன்னும் விற்கிறார்களா?

இல்லை. காசோடு சேர்ந்த பரிபூரண பலன்களை 1567இல் போப் ஐந்தாம் பயஸ் ரத்து செய்தார். பலன், அதாவது மன்னிக்கப்பட்ட பாவத்துக்கான தண்டனையைத் திருச்சபை குறைப்பது, என்ற கொள்கை மட்டும் இருக்கிறது.

கேள்வி: குழந்தையாகக் கத்தோலிக்க கோவிலில் ஞானஸ்நானம் பெற்றேன். இப்போது போகும் சபையில் மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள். அம்மா அழுகிறார்.

லூத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் போன்ற சபைகள் பொதுவாக மறுபடி கொடுக்கமாட்டார்கள். பாப்திஸ்து, பெந்தெகொஸ்தே சபைகள் விசுவாசித்த பிறகு எடுப்பதே ஞானஸ்நானம் என்கின்றன. 1525இல் சூரிக்கில் தொடங்கிய வழக்கு இது. ஆக இது கத்தோலிக்கருக்கும் நமக்கும் உள்ள சண்டை அல்ல, நமக்குள்ளேயே உள்ளது. முடிவு உங்களுடையது, அவசரப்படாதீர்கள். அம்மாவோடு உட்கார்ந்து பேசும்போது ஒன்றை மனதில் வையுங்கள். நம்மைக் கண்டித்த அதே திரெந்து சங்கம், அவர்கள் பார்வையில் பதிதர் (கொள்கை பிறழ்ந்தவர்) கொடுத்த ஞானஸ்நானமும் திரித்துவத்தின் பெயரில், திருச்சபையின் நோக்கத்தோடு கொடுத்திருந்தால் மெய்யானதே என்று 1547இல் எழுதி வைத்தது.