ரோமானிய அரங்குகளில் கூட்டம் போய் வந்த வழிகள்: கேள்வி பதில்

கேள்வி: ரோம் நகரத்துக் கொலோசியம் அரங்குக்கு எத்தனை வாசல் சார்? எதில் நுழைவது என்று ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?

தரைத்தளத்தில் சுற்றிலும் 80 வளைவு வாசல்கள். அதில் நான்கு பெருவாசல்களுக்கு எண் கிடையாது. அவை பொதுமக்களுக்கானவை அல்ல. மீதி 76 வாசல்களின் தலைப்பில் ரோமன் எண்ணைச் செதுக்கிச் சிவப்புச் சாயம் பூசியிருந்தார்கள். வெளிச்சுவர் நிற்கும் வடபக்கத்தில் 23 முதல் 54 வரை இன்றும் படிக்கலாம்.

கேள்வி: ஐம்பதாயிரம் பேர் ஒன்றாகக் கிளம்பினால் நெரிசல் ஆகாதா?

ஆகாமல் இருக்கத்தான் அந்த அமைப்பே. வாசலுக்குள் போனதும் கட்டடத்தைச் சுற்றி ஓடும் கவிகைக் கூரைத் தாழ்வாரம். அங்கிருந்து பிரியும் படிக்கட்டுகள் தனித்தனி அடுக்குக்குப் போகும். படி முடிகிற இடத்தில் இருக்கைகளுக்கு நடுவே திறக்கும் வாய்தான் வொமிட்டோரியம். வெளியே வந்தால் உங்கள் பகுதி கண்முன்னே இருக்கும்.

கொலோசியத்துக்குச் சுமார் நூறு ஆண்டு முன்பே கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் நாடக அரங்குகளுக்கு இந்த விதியை எழுதிவிட்டார்: வழிகள் பலவாகவும் அகலமாகவும் இருக்கட்டும், மேலடுக்கு வழி கீழடுக்கு வழியோடு சேரக் கூடாது, திருப்பம் இல்லாமல் நேராகப் போகட்டும், ஆட்கள் கலையும்போது நசுங்கக் கூடாது. மேல்கூட்டமும் கீழ்க்கூட்டமும் ஒரே படியில் முட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான் இதில் முக்கியமான இடம்.

கேள்வி: அப்போ எல்லாம் மக்கள் பாதுகாப்புக்காகவா?

பாதிதான். மீதி பாதி, யார் யாரோடு கலக்கக் கூடாது என்பது. செனட்டர்களுக்கு முன்வரிசை, படைவீரர்களுக்குத் தனி இடம், பெண்களுக்கு உச்சி அடுக்கு என்று பேரரசர் அகஸ்டஸ் காலத்திலேயே சட்டம் வந்துவிட்டது. வெஸ்டா தேவி கோயிலின் கன்னிப் பூசாரிகளுக்கு மட்டும் விதிவிலக்கு. தனித்தனி படிக்கட்டு இருந்ததால் செனட்டர் ஏழையின் தோளில் இடிக்காமலே வந்து போகலாம். கி.பி. 80-இல் அரங்கு திறந்தபோது ஆர்வல் சகோதரர்கள் என்ற பூசாரிக் குழுவுக்கு எந்த அடுக்கில், எந்தப் பகுதியில், எத்தனை அடி நீள இடம் என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு கறாரான சீட்டு ஒதுக்கீடு நம் கல்யாண மண்டபங்களில்கூட கிடையாது!

நாடக அரங்கில் தகுதியில்லாத வரிசையில் நைசாக உட்கார்ந்தவரை எழுப்பிவிடும் பணியாளர்களை ரோமானியக் கவிஞர் மார்ஷியல் தன் கவிதைகளில் பெயர் சொல்லியே கேலி செய்கிறார். அதில் ஒருவர் பெயர் லெயிட்டஸ்.

கேள்வி: பெரிய விபத்து எதுவும் நடந்ததில்லையா அண்ணா?

கி.பி. 27-இல் ஃபிடேனே ஊரில் நடந்தது. ஆனால் அது நெரிசல் இல்லை. அட்டிலியஸ் என்பவர் சரியான அஸ்திவாரம் இல்லாமல் எழுப்பிய மர அரங்கு கூட்டத்தோடு சரிந்தது. செத்தவர்களும் காயம்பட்டவர்களும் ஐம்பதாயிரம் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். அதன்பிறகு, நிலம் உறுதியா என்று சோதிக்காமல் அரங்கு கட்டக் கூடாது, 400,000 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) சொத்து இல்லாதவர் கிளாடியேட்டர் காட்சி நடத்தக் கூடாது என்று செனட் தடை போட்டது.

கேள்வி: இன்றைக்கும் இந்த வழிகளில் கூட்டம் போகும் இடம் உண்டா?

இத்தாலியின் வெரோனாவுக்குப் போங்கள். 1913 முதல் அந்தப் பழைய அரங்கில் ஆப்பெரா நடக்கிறது. ரசிகர்கள் அதே கல் வளைவுகளுக்குள் நுழைந்து, அதே வாய்கள் வழியாகத்தான் இருக்கைக்கு ஏறுகிறார்கள். வெளிச்சுவரில் மிஞ்சியது நான்கே வளைவு. கோடை சீசனில் போனால் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். கல் படியில் உட்காருவதாக இருந்தால் ஒரு குஷனும் அவசியம்.