வாசகர் கேள்வி பதில்: நகரத்து ஆற்றில் அமைதியான ஓர் இடம்

கேள்வி: எங்கள் நகரத்தின் நடுவே ஓடும் ஆற்றில், கடைசிப் பாலம் தாண்டி ஒரு கிலோமீட்டர் நடந்தால் ஆள் நடமாட்டமே இல்லாத ஓர் இடம் வருகிறது. தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஆசை. போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு முறை நீங்கள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நகரத்துக்குள் ஓடுகிற ஆற்றில் ஓரிடம் மட்டும் இவ்வளவு அமைதியாக இருக்கிறதென்றால் அதற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும், அது என்ன என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். சில இடங்களில் காரணம் நல்லதாகவே இருக்கும்: சாலையை விட ஆறு தாழ்வாக ஓடும், கரையில் மரம் அடர்ந்திருக்கும், வண்டிச் சத்தம் மேலோடு போய்விடும். ஆனால் 'கண்ணாடி மாதிரி' என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தடுப்பணை நினைவுதான் வந்தது. தடுப்பணைக்கு மேல்புறம் தண்ணீர் தேங்கி, அசையாத மாதிரி தெரியும். கரையோரமாகவே கீழ்த்திசையில் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். ஆறு ஓரிடத்தில் நேர்கோடாக வெட்டினாற்போல் முடிந்து, அதற்கு அப்பால் இரைச்சல் கேட்டால் அங்கே தடுப்பணை இருக்கிறது என்று அர்த்தம்.

அதன் உயரம் இடுப்பளவுதான் இருக்கிறதே என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மேலிருந்து விழுகிற தண்ணீர் அடியில் போய், மறுபடி மேலே எழும்பி, அணையின் பக்கமாகவே திரும்பி உருளும். அதற்குள் சிக்கிய மரக்கட்டை மணிக்கணக்கில் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். மனிதன் சிக்கினாலும் அதே கதிதான், நன்றாக நீந்தத் தெரிந்தவராக இருந்தாலும் சரி, மிதவைச் சட்டை போட்டிருந்தாலும் சரி. ஆகவே தடுப்பணைக்கு மேல்புறமும் வேண்டாம், கீழ்ப்புறமும் வேண்டாம், இரண்டிலிருந்தும் நன்றாகத் தள்ளி உட்காருங்கள்.

எங்கே உட்காருவது? ஆறு வளைகிற இடமாகப் பாருங்கள். வளைவின் வெளிப்பக்கம் தண்ணீர் வேகமாக ஓடி, கரையின் அடியை அரித்துக்கொண்டே இருக்கும். மேலே புல்லோடு கெட்டியாகத் தெரிகிற மண், ஆள் நின்றதும் சரியும். உள்பக்கம் ஓட்டம் தளர்ந்து மணல் படியும், பிள்ளைகள் விளையாட அதுதான் இடம் (மணல் அள்ளிய குழி ஏதும் இல்லை என்பதை ஒரு நீளக் கம்பால் குத்திப் பார்த்த பிறகு). கரையில் பத்து மீட்டர் அளந்துகொண்டு ஓர் இலையைப் போட்டு, அது அந்தத் தூரத்தைக் கடக்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். பத்து நொடிக்குள் போய்விட்டால் முழங்கால் அளவுத் தண்ணீரில்கூடப் பிள்ளைகளை இறக்காதீர்கள். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்காகும், அந்த வித்தியாசம் கரையிலிருந்து பார்க்கும்போது தெரியாது.

அப்புறம், நான் எந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்தாலும் தண்ணீரின் விளிம்பில் ஒரு கூழாங்கல்லை வைத்துவிடுவேன். அரை மணி கழித்துக் கல் தண்ணீருக்குள் போயிருந்தால், தெளிந்த தண்ணீர் கலங்கினால், குச்சியும் சருகும் மிதந்து வந்தால், பையை எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிட வேண்டும். மேலே எங்கோ பெய்த மழையும் அணையில் திறந்த மதகும், நாம் இருக்கிற இடத்தில் வெயில் அடிக்கும்போதுகூட வந்து சேரும்.

கேள்வி: தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. இறங்கிக் குளிக்கலாமா?

பதில்: தெளிவை வைத்து முடிவு செய்யாதீர்கள், கிருமிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. கடைசியாக மழை எப்போது பெய்தது என்று பாருங்கள். பல பழைய நகரங்களில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில்தான் போகின்றன. பெருமழையில் குழாய் நிரம்பியதும் மிச்சம் நேராக ஆற்றுக்குள் போகும். பாரிஸில் சென் ஆற்றைச் சுத்தப்படுத்த நூறு கோடி யூரோவுக்கும் மேல் செலவழித்தார்கள், மழைநீரைப் பிடித்துவைக்கவே 50,000 கன மீட்டர் கொள்ளும் தொட்டி கட்டினார்கள். அப்படியும் 2024 ஒலிம்பிக்கில், மழைக்குப் பிறகு தண்ணீர் மோசமானதால் ஜூலை 30 அன்று நடக்க வேண்டிய ஆண்கள் டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) மறுநாளுக்குத் தள்ளிப்போனது. ஆனாலும் அவர்கள் விடவில்லை, 1923 முதல் தடை இருந்த அந்த ஆற்றில் 2025 கோடையில் பொதுமக்கள் இறங்கி நீந்தினார்கள். நம் காலத்திலேயே இது நடந்திருக்கிறது என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பெருமழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் தண்ணீரைத் தொட வேண்டாம். மற்ற நாட்களிலும் சாக்கடைக் குழாய் வந்து சேருகிற இடத்துக்குக் கீழே இறங்காதீர்கள், பச்சை பெயின்ட் கொட்டினாற்போல் பாசி படர்ந்திருந்தால் நாயைக்கூட விடாதீர்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி காயம் வழியாக நுழையும், காய்ச்சல் வர ஒரு மாதம் வரைகூட ஆகலாம். ஆகவே பிறகு காய்ச்சல் வந்தால் ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அவருக்கு அது தானாகத் தோன்றாது.

கேள்வி: விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பசியா? பிரெட் போடலாமா?

பதில்: பெரும்பாலும் மூச்சு முட்டலாக இருக்கும். தண்ணீருக்குள் இருக்கிற செடியும் பாசியும் பகலில் ஆக்சிஜன் தரும், இரவில் அவையும் அதை எடுத்துக்கொள்ளும். அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும். பிரெட் போட்டால் மிச்சம் மக்கும்போது இருக்கிற ஆக்சிஜனும் குறையும். போடாதீர்கள். நாள் ஏறிய பிறகும் மீன்கள் அப்படியே இருந்தாலோ செத்து மிதந்தாலோ, படம் எடுத்து, நேரத்தைக் குறித்து, உள்ளாட்சி அலுவலகத்துக்குப் புகார் கொடுங்கள்.

கேள்வி: நான் தனியாகப் போய் உட்கார விரும்புகிற பெண். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்.

பதில்: உங்களுக்கும் அந்தக் கரையில் உரிமை உண்டு, போங்கள். முதல் சில தடவை துணையோடு போய், மீன் பிடிப்பவர்கள், நடைப்பயிற்சிக்காரர்கள் எந்த நேரத்தில் வருகிறார்கள் என்று பார்த்துவைத்து அந்த நேரத்துக்குப் போங்கள். திரும்பி மேலே ஏற இரண்டு வழியாவது இருக்கிற இடமாக உட்காருங்கள். எங்கே இருப்பீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள், காதில் இயர்போன் வேண்டாம். பையில் ஒரு கயிறும் மூடி போட்ட காலி பிளாஸ்டிக் கேனும் இருக்கட்டும். யாராவது தண்ணீரில் தத்தளித்தால் கேனைக் கயிற்றில் கட்டி வீசுங்கள், நீங்கள் குதிக்காதீர்கள்.

காலை ஏழு மணிக்குள் போய்விட்டால், நீலமாக ஏதோ ஒன்று தண்ணீரை உரசினாற்போல் பறந்து போகும். மீன்கொத்திதான். அது வந்து உட்காரும் கிளை தினமும் பெரும்பாலும் ஒன்றேதான், பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் திரும்பி வந்துவிடும்.