ரூ.2,500-க்கு 'டி அண்ட் டி பேக்': வாங்கலாமா?

கேள்வி: கீழக்கரையில் மூன்று பேர், துபாயில் இரண்டு பேர் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற, பகடை உருட்டிக் கதை சொல்லும் ஆட்டத்தை ஆன்லைனில் ஆட நினைக்கிறோம். ரூல் புத்தகம், மேப், சாஃப்ட்வேர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ரூ.2,500 என்று டெலிகிராமில் ஒருவர் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இப்படி டிரைவ் லிங்க்கில் வரும் பேக்கில் சும்மா கிடைப்பதும் திருட்டு நகலும்தான் இருக்கும்.

விதிகளுக்கு எஸ்.ஆர்.டி. 5.1 என்ற அடிப்படை விதித் தொகுப்பு போதும். 403 பக்கம். 2023 ஜனவரியில் ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனமே அதை, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டது. டி அண்ட் டி பியாண்ட் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வீரன், மந்திரவாதி என்று நீங்கள் ஏற்கும் பாத்திர வகைகளான பன்னிரண்டு கிளாஸும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சப்கிளாஸ், அதாவது உட்பிரிவு. ஆரம்பத்துக்கு அது தாராளம். பிஹோல்டர், மைண்ட் ஃபிளேயர் போன்று நிறுவனம் தனக்கென வைத்துக்கொண்ட சில ஜந்துக்களின் விவரம் மட்டும் அதில் இராது. நண்பர்களுக்குள் ஆடும் ஆட்டத்தில் அவற்றைக் கொண்டுவந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் நாளைக்கு உங்கள் சாகசக் கதையைப் புத்தகமாக்கி விற்பதானால் அவற்றைத் தொடவே கூடாது. எஸ்.ஆர்.டி.யிலிருந்து எடுத்ததற்கும் அது சொல்லும் உரிமக் குறிப்பைப் போட்டாக வேண்டும்.

'ஃபவுண்ட்ரியும் தருகிறேன்' என்பார்கள். ஆன்லைனில் மேப் விரித்து ஆட உதவும் சாஃப்ட்வேர் அது. அதன் ஒரு உரிமச் சாவிக்கு ஒரு நேரத்தில் ஒரு ஆட்டம்தான். அதே சாவி எத்தனை பேருக்குப் போயிருக்கிறதோ! முறையாக வாங்கினாலும் உங்கள் கம்ப்யூட்டரே சர்வராகி, மற்றவர்கள் உள்ளே வர 30000 என்ற போர்ட் (இணைப்பு வாசல்) திறந்திருக்க வேண்டும். மொபைல் நெட்டிலும் பல வீட்டு இணைப்புகளிலும் ஒரே ஐ.பி. முகவரியைப் பலருக்குப் பங்குபோட்டுக் கொடுக்கிறார்கள். அப்படிப்பட்ட இணைப்பில் ரவுட்டரில் எதைத் திறந்தாலும் துபாய்க்காரர் உள்ளே வர முடியாது. இணைப்புக் கொடுக்கும்போது இதை ஒருவரும் சொல்வதில்லை. கேட்டால் 'ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்கிறார்கள். எத்தனை காலத்துக்கு இந்தப் பதில்?

நீங்கள் பிரவுசரிலேயே ஆடக்கூடிய ரோல்20 தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்குங்கள். சாட்டில் /r 1d20+5 (20 முகப் பகடை ஒன்று, அதோடு 5) என்று அடித்தால் பகடை விழும், எல்லோரும் பார்ப்பார்கள். மேப்பில் ஒரு கட்டத்துக்கு 70 பிக்சல். தனுஷ்கோடி சர்ச் மாதிரி ஒரு இடிபாட்டை 20-க்கு 15 கட்டத்தில் வரைந்தால் 1400-க்கு 1050 பிக்சல் வர வேண்டும். 1385 என்று வந்தால் முதல் கட்டம் பொருந்தும், கடைசிக் கட்டம் நகர்ந்து நிற்கும். ஜேபெக்காகச் சேமியுங்கள், பெரிய பிஎன்ஜி ஏற்றினால் சிக்னல் குறைந்த இடத்தில் திரை வெள்ளையாகவே கிடக்கும்.

பேசுவதற்கு வாட்ஸப் கால் துபாயில் எடுபடாது. அதற்காகத் தடையைச் சுற்றிப்போகும் விபிஎன் போடச் சொன்னால் கேட்காதீர்கள், அங்கே இருப்பவர்தான் வழக்கில் மாட்டுவார். ஜூமுக்கு அங்கே அனுமதி உண்டு. இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். சண்டைக் காட்சியை அதற்குள் முடித்து, டீ குடித்துவிட்டு மறுபடி சேருங்கள்.