ஒரே எண்ணில் ஆடிய கால்பந்து மேதைகள்: என் ஓட்டு 13-க்கு

கேள்வி: ஒரே ஜெர்சி எண்ணை அணிந்து ஆடிய கால்பந்து ஜாம்பவான்களில் உங்களுக்குப் பிடித்த வரிசை எது? பெரிய வீரர் ஒருவர் விலகியதும் அவருடைய எண்ணை இனி யாருக்கும் தராமல் நிறுத்திவைப்பது சரியா?

இங்கே பாதிப் பேர் 10 என்றுதான் எழுதப்போகிறார்கள். பெலே, மரடோனா, ஜிகோ, பிளாட்டினி, பாஜியோ, ஜிதான், மெஸ்ஸி. இந்த வரிசையோடு யாரும் மல்லுக்கட்ட முடியாது, நானும் முயலப்போவதில்லை. ஆனாலும் என் ஓட்டு 13-க்கு. அதற்கு முன் 10-ஐப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும், ஏனென்றால் அந்த எண்ணுக்கு மவுசு வந்ததில் பாதி தற்செயல்தான்.

ஆரம்பத்தில் எண் என்பது ஆளைக் குறிக்கவில்லை, ஆடும் இடத்தைக் குறித்தது. 1928 ஆகஸ்ட் 25 அன்று ஆர்சனலும் செல்சியும் தங்கள் லீக் ஆட்டங்களில் எண் போட்ட சட்டையோடு இறங்கின. 1933 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் எவர்டனுக்கு 1 முதல் 11, மான்செஸ்டர் சிட்டிக்கு 12 முதல் 22 என்று பிரித்துக் கொடுத்தார்கள். அப்புறம்தான் இரு அணிகளுக்கும் 1 முதல் 11 என்ற வழக்கம் நிலைத்தது. அன்றைய 2-3-5 அமைப்பில் கோல்கீப்பர் 1, பின்வரிசைக்கு 2, 3, நடுவரிசைக்கு 4, 5, 6, முன்வரிசை ஐவருக்கு வலமிருந்து இடமாக 7 முதல் 11. அதன்படி 10 என்பது சென்டர் ஃபார்வர்டுக்கு இடப்பக்கம் ஆடுபவர், அவ்வளவுதான். கிரீடம் எதுவும் அதன்மேல் இல்லை. உலகக் கோப்பையில் ஒருவருக்குத் தொடர் முழுக்க ஒரே எண் என்பது 1954-இல்தான் வந்தது.

1958-இல் பிரேசில் தன் வீரர் பட்டியலை எண் போடாமலே அனுப்பிவிட்டது, வேறு யாரோ உட்கார்ந்து தோன்றியபடி நிரப்பினார் என்று ஒரு கதை சொல்வார்கள். பட்டியலைப் பார்த்தால் கதையை நம்பத்தான் தோன்றுகிறது. முதல் கோல்கீப்பர் கில்மாருக்கு 3. வலப்பக்கம் பறக்கும் கரிஞ்சாவுக்கு 11, இடப்பக்கம் ஆடும் ஜகாலோவுக்கு 7. முதல் இரண்டு ஆட்டங்களில் களமிறங்காத 17 வயதுப் பையன் ஒருவனுக்கு 10. அந்தப் பையன் அரையிறுதியில் பிரான்ஸுக்கு எதிராக மூன்று, இறுதியில் ஸ்வீடனுக்கு எதிராக இரண்டு என்று மொத்தம் 6 கோல் போட்டான். அவன்தான் பெலே. 10-இன் கதை அங்கே தொடங்குகிறது.

அடுத்த தற்செயல் இன்னும் வேடிக்கையானது. 1978-இல் அர்ஜென்டினா எண்களை அகரவரிசையில் கொடுத்தது. நடுகள வீரர் நோர்பெர்டோ அலோன்ஸோவுக்கு 1, கோல்கீப்பர் ஃபிலோலுக்கு 5. அந்த வரிசையில் 10 போய் விழுந்தது மரியோ கெம்பஸ் மேல்! அவர் 6 கோலோடு தொடரின் முதல் கோல்வேட்டைக்காரரானார். நெதர்லாந்துக்கு எதிரான இறுதியில் மட்டும் இரண்டு. யாரும் யோசித்துக் கொடுக்காத 10 அது. 1982-இல் அதே முறைப்படி நடுகளத்தில் ஆடும் அர்டிலெஸ் முதுகில் 1 ஏறியது. ஆனால் மரடோனாவுக்கு மட்டும் வரிசையை மீறி 10 கொடுத்தார்கள். எண்ணுக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். 1986-இல் அஸ்டெகா அரங்கில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் பாதி மைதானத்தைக் கடந்து போட்ட கோலுக்குப் பிறகு அந்த மரியாதையைச் சந்தேகிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

10-க்கு ஓட்டுப் போடுகிறவர்களுக்கு என்னிடமிருந்து ஒரு ஆதாரம் இலவசமாக: 2022 டிசம்பர் 18, லுசைல். உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் பெனால்டி ஷூட் அவுட்டுக்கு முன் விழுந்த 6 கோல்களில் 5 இரண்டு 10-களின் கால்களிலிருந்து வந்தவை. மெஸ்ஸி இரண்டு, எம்பாப்பே மூன்று. நடுவில் டி மரியாவுடையது மட்டும் தனி. ஆனால் இதே போன்ற ஒன்றை 13 அதற்கு 48 ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

7-ஐப் பற்றி. மான்செஸ்டர் யுனைடெட்டின் பெஸ்ட், ராப்ஸன், கான்டனா, பெக்காம், ரொனால்டோ வரிசையைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத முடியாது. ஆனால் அதை ஏதோ வாளைக் கைமாற்றியதுபோல விவரிப்பது எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஜார்ஜ் பெஸ்ட் 1968 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் 7 அணிந்தார் என்றாலும் 11-லும் நிறைய ஆடியிருக்கிறார். அப்போது சட்டை இடத்தோடு மாறும். 1993-இல் பிரீமியர் லீக் நிரந்தர எண்களைக் கொண்டுவந்தபோது கான்டனாவுக்கு 7 போனது, ராப்ஸன் அங்கே தன் கடைசி பருவத்தை 12-இல் ஆடினார். 2003-இல் வந்த ரொனால்டோ ஸ்போர்ட்டிங்கில் தான் அணிந்த 28-ஐத்தான் கேட்டார். 7-ஐ எடுத்து நீட்டியவர் மேலாளர் ஃபெர்குஸன். அவருக்குப் பின் வந்த பலருக்கு அந்த எண் குருவி தலையில் பனங்காய் ஆனது. வலென்சியா 2012-இல் 7-ஐ வாங்கி, ஒரே பருவத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் பழைய 25-க்கே போய்விட்டார். எனக்கு அவர்மேல் அன்று வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

9-இல் டி ஸ்டெஃபானோ, பாபி சார்ல்டன், வான் பாஸ்டன், பிரேசிலின் ரொனால்டோ என்று வரிசையாக கோல் யந்திரங்கள். ஆனால் எனக்குப் பிடித்த 9 ஹங்கேரியின் ஹிடெக்குட்டி. 1953-இல் வெம்ப்ளியில், முதுகில் 9 போட்டுக்கொண்டு நடுகளத்துக்கு இறங்கி வந்து ஆடினார். அவரைத் துரத்திக்கொண்டு முன்னே போவதா, பின்னாலேயே நிற்பதா என்று இங்கிலாந்தின் டிஃபெண்டர் ஹாரி ஜான்ஸ்டன் குழம்பியே போனார். ஆட்டம் 6-3, ஹிடெக்குட்டிக்கு மூன்று கோல். எண்ணை நம்பி ஆடினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. இன்டர் மிலானில் ரொனால்டோவுக்கு 9-ஐ விட்டுக்கொடுத்த சமோரானோ 18-ஐ எடுத்துக்கொண்டு, ஒன்றுக்கும் எட்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கூட்டல் குறி போட்டுக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். விட்டுக்கொடுத்தாலும் கணக்கு தப்பவில்லை.

சரி, 13.

இது யாருக்கும் சொந்தமான இடம் இல்லை. முதல் பதினொன்றுக்கு வெளியே இருக்கும் எண். மேற்கத்திய நாடுகளில் ராசியில்லாத எண் என்று வேறு பெயர். 1966 உலகக் கோப்பையில் போர்ச்சுகலின் யூசேபியோ இதை அணிந்தார். எவர்டனின் குடிசன் பார்க் மைதானத்தில் காலிறுதி. எதிரே, இத்தாலியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்திருந்த வட கொரியா. 25 நிமிடத்துக்குள் வட கொரியா 3-0. அங்கிருந்து யூசேபியோ அடுத்தடுத்து நான்கு கோல் போட்டார், அதில் இரண்டு பெனால்டி. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் கொண்டாட நேரமில்லை. பந்தை வலையிலிருந்து எடுத்துக்கொண்டு நடுவட்டத்துக்கு ஓட்டம். முடிவு 5-3. அரையிறுதியில் இங்கிலாந்திடம் 2-1 என்று தோற்றார்கள், இங்கிலாந்தின் இரண்டும் 9-ஆம் எண் சார்ல்டனுடையவை. அழுதுகொண்டே வெளியேறிய யூசேபியோவின் படம் இன்றும் சுற்றுகிறது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் சோவியத் கோல்கீப்பர் யாஷினையே தாண்டி ஒரு பெனால்டி போட்டு, 9 கோல்களோடு தொடரின் முதலிடத்தில் முடித்தார்.

நான்கு ஆண்டு கழித்து மெக்சிகோவில் மேற்கு ஜெர்மனியின் 9 கேப்டன் ஊவே சீலரிடம் இருந்தது. பேயர்ன் மியூனிக்கின் 9-ஆன ஜெர்ட் முல்லருக்கு நாட்டுக்காகக் கிடைத்தது 13. அந்தத் தொடரில் 10 கோல். இங்கிலாந்தை வெளியேற்றிய கூடுதல் நேர கோல் அவருடையது. இத்தாலியிடம் 4-3 என்று தோற்ற அரையிறுதியில்கூட இரண்டு போட்டார். குள்ளமான, தடித்த தொடைகள் உள்ள மனிதர். பெனால்டி பெட்டிக்குள் அரையடி இடம் கிடைத்தால் போதும், திரும்பி அடித்துவிடுவார். அழகான கோல் என்று சொல்லும்படி அதிகம் இருக்காது, எண்ணிக்கையில்தான் அழகு.

இப்போது 1974 இறுதிப் போட்டி, மியூனிக். நெதர்லாந்து அந்தத் தொடருக்கு எண்களை அகரவரிசையில் கொடுத்திருந்தது. அதனால் கோல்கீப்பர் யோங்பிளட்டுக்கு 8, ஃபார்வர்டு ஹீல்ஸுக்கு 1. முறைப்படி 1 யோஹன் குரைஃபுக்கு வந்திருக்க வேண்டும். அவர் தனக்குப் பழகிப்போன 14-ஐ விடவில்லை. அந்த 14-உம் தற்செயல்தான்: 1970-இல் காயம் ஆறி அயாக்ஸுக்குத் திரும்பிய ஆட்டத்தில், சட்டை கிடைக்காமல் நின்ற சக வீரர் ஹெரி மூரனுக்குத் தன் 9-ஐக் கொடுத்துவிட்டு இவர் 14-ஐ எடுத்துக்கொண்டார். இப்போது பட்டியலை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். குரைஃப் 1-ஐ ஏற்றிருந்தால் யோஹன் நீஸ்கென்ஸுக்கு 14 வந்திருக்கும். குரைஃப் 14-க்குத் தாவியதால் மற்றவர்கள் ஒரு படி மேலேற, நீஸ்கென்ஸ் கையில் 13 வந்து சேர்ந்தது.

முதல் நிமிடத்திலேயே, ஜெர்மன்காரர் ஒருவர்கூடப் பந்தைத் தொடுமுன், குரைஃப் பெட்டிக்குள் வீழ்த்தப்பட்டார். பெனால்டி. அடித்தது நெதர்லாந்தின் 13, நீஸ்கென்ஸ். பிறகு பிரைட்னர் ஒரு பெனால்டியில் சமன் செய்தார். 43-ஆம் நிமிடத்தில் வெற்றி கோலைப் போட்டது ஜெர்மனியின் 13, முல்லர். மூன்று கோலில் இரண்டு இரண்டு அணிகளின் 13-களுடையவை. லுசைலில் 10-கள் செய்ததை மியூனிக்கில் 13-கள் அப்போதே செய்து காட்டியிருந்தன. உலகக் கோப்பைகளில் முல்லரின் மொத்தக் கணக்கு 14 கோல். 2006-இல் பிரேசிலின் ரொனால்டோ வரும்வரை அதை யாரும் தாண்டவில்லை.

அதற்குப் பின் ஜெர்மனியில் 13-ஐ அணிந்தவர்களில் எனக்கு நெருக்கமானவர் மிஷேல் பல்லாக். 2002 அரையிறுதி, சோல். தென் கொரியாவின் ஒரு தாக்குதலைத் தடுக்க 71-ஆம் நிமிடத்தில் வேண்டுமென்றே ஃபவுல் செய்தார். மஞ்சள் அட்டை. இறுதிப் போட்டியில் ஆட முடியாது என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. நான்கு நிமிடம் கழித்து ஆட்டத்தின் ஒரே கோலைப் போட்டு, தான் ஆட முடியாத இறுதிக்கு அணியை அனுப்பினார். ஜெர்மனி அந்த இறுதியில் பிரேசிலின் ரொனால்டோவின் இரண்டு கோல்களில் தோற்றது.

2010 மே மாதம் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் பல்லாக் காயம்பட்டு உலகக் கோப்பையை இழந்தார். அவருடைய 13 போய்ச் சேர்ந்தது 20 வயது தாமஸ் முல்லரிடம். பெயரும் முல்லர், எண்ணும் 13! உறவு எதுவும் இல்லை. காலை வீசி வீசி ஓடும் அந்தப் பையன் 5 கோல், 3 அசிஸ்டோடு அதிக கோல் போட்டவருக்கான தங்கக் காலணியைத் தட்டிக்கொண்டு போனான். ஆனால் காலிறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராகப் பந்து கையில் பட்டதற்கு ஒரு மஞ்சள் அட்டை வாங்கி, ஸ்பெயினுக்கு எதிரான அரையிறுதியை இழந்தான். பல்லாக்கைப் போலவே. 2014-இல் போர்ச்சுகலுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்துத் தொடங்கி, கோப்பையோடு திரும்பினார். 13-இன் ராசியைப் பற்றிப் பேசுகிறவர்கள் 13 அணிந்த இத்தாலியின் நெஸ்டாவையும் இழுப்பார்கள். 2006-இல் அவர் மூன்றாம் ஆட்டத்திலேயே காயமடைந்து வெளியேற, பதிலுக்கு வந்த மத்தெராஸி அதே ஆட்டத்தில் கோல் போட்டார், இறுதியில் கோல் போட்டதும், ஜிதானிடம் தலையால் முட்டு வாங்கியதும் ஊரறிந்த கதை. எனக்கு ராசியில் நம்பிக்கை இல்லை. 10-ஐயும் 7-ஐயும் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு, 13-ஐ அநேகமாக யாரும் கேட்பதில்லை. கிடைத்ததை வைத்துக்கொண்டு இவ்வளவு செய்தார்களே என்பதுதான் என் ஓட்டுக்குக் காரணம்.

இரண்டாவது கேள்வி, எண்ணை நிறுத்திவைப்பது. நாட்டு அணியைப் பொறுத்தவரை கூடாது என்பேன். மரடோனாவைக் கௌரவிக்க அர்ஜென்டினா 10-ஐ நிறுத்திவைக்கப் பார்த்தது. 2002 உலகக் கோப்பைக்கு 1 முதல் 23 வரை எல்லா எண்ணும் இருந்தாக வேண்டும் என்று ஃபிஃபா மறுத்துவிட்டது. ஓர்டேகா அணிந்தார், 2006-இல் ரிக்கெல்மே, 2010-இல் மெஸ்ஸி. அப்போது பயிற்சியாளர் யார்? மரடோனாவேதான். ஃபிஃபாவின் விதிப்பிடிவாதத்தை நான் பாராட்டும் அபூர்வமான இடம் இது.

கிளப்புகள் விஷயம் வேறு. நாபோலி 2000-இல் மரடோனாவின் 10-ஐ நிறுத்தியது, வெஸ்ட் ஹாம் பாபி மூரின் 6-ஐ, ஏசி மிலான் பரேசியின் 6-ஐ, அயாக்ஸ் 2007-இல் குரைஃபின் 14-ஐ. நாபோலியையும் அயாக்ஸையும் ஒப்புக்கொள்கிறேன். ஒன்று அந்த ஊர் மரடோனாவை வைத்திருக்கும் இடத்துக்காக, மற்றது 14 எந்த இடத்துக்கும் உரிய எண் அல்ல, குரைஃப் ஒருவருக்கே உரியது என்பதற்காக. மிலான் மல்டினியின் 3-ஐ அவர் மகன்கள் முதல் அணிக்கு வந்தால் மட்டுமே தருவதாகச் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மகன் டேனியல் 2020-இல் வந்தார், ஆனால் அவர் தாக்கி ஆடுகிறவர், அணிந்தது 27. நானாக இருந்தால் அந்த 3-ஐ அகாடமியிலிருந்து வரும் ஏதாவதொரு நல்ல லெஃப்ட் பேக்குக்கு எப்போதோ கொடுத்திருப்பேன்.