வெறும் பாத்திரத்தோடு வாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 44. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமத்துத் திருச்சபையைச் சேர்ந்தவள். என் மாமியார் மூன்றரை ஆண்டுகள் மறதி நோயால் அவதிப்பட்டார்கள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். ஒருநாள் இரவு மூன்றாவது தடவையாகப் படுக்கையை நனைத்துவிட்டு, கொடுத்த மருந்தை என் முகத்தில் துப்பினார்கள். கன்னத்தில் அடித்துவிட்டேன். ஐந்தாம் நாள் இறந்துபோனார்கள். அடக்க ஆராதனையில் எங்கள் சபைப் போதகரான ஐயர், மாமியாரைக் கைவிடாத வேதாகம மருமகள் ரூத்துக்கு என்னை ஒப்பிட்டுப் பேசினார். அன்றிலிருந்து பதினொரு மாதமாக நான் திருவிருந்து, அதாவது ஆராதனையில் தரும் அப்பமும் திராட்சரசமும், எடுக்கவில்லை. திருவிருந்து நடக்கும் முதல் ஞாயிறு வந்தால் பிரசங்கம் முடிந்ததும் பக்கவாசல் வழியாக வந்துவிடுகிறேன். ‘அபாத்திரமாய்ப் புசிக்கிறவன்’, அதாவது தகுதியில்லாமல் சாப்பிடுகிறவன், என்ற வேத வசனம் பயமுறுத்துகிறது. வெள்ளிதோறும் உபவாசம் இருக்கிறேன். நாலு மணிக்கு எழுந்து ஜெபிக்கிறேன். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்துக்கு மேல் கொடுக்கிறேன். மனம் ஆறவில்லை. பாதி நாள் தூக்கமும் இல்லை. கணவரிடம் சொல்லவில்லை. என் நாத்தனார் வாரம் ஒருமுறை குழம்பு கொடுத்தனுப்புகிறார்கள். அந்தத் தூக்குவாளியைப் பார்த்தாலே கூசுகிறது. அன்றைக்கே ஏதாவது செய்து நிறைத்துத் திருப்பியனுப்பினால்தான் நிம்மதி. தேவனுடைய கிருபையை ஏற்றுக்கொள் என்கிறார்கள். எப்படி ஏற்றுக்கொள்வது? கிருபை கிருபை என்று சொல்லியே பாவத்தை லேசாக்கிவிடுகிறோமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புச் சகோதரிக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். யாரிடமும் சொல்லாததை எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அதனால் உங்களைத் தேற்றுவதற்காக ஒரு பொய்கூடச் சொல்லமாட்டேன். நீங்கள் செய்தது தவறு. தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாத ஒரு முதியவரை அடித்தீர்கள். ‘அதெல்லாம் ஒன்றுமில்லை அம்மா, யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்’ என்று நான் எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நம்பவும் கூடாது. ஒன்றுமில்லாத காரியத்துக்கு மன்னிப்பு எதற்கு? பாவத்தைப் பாவம் என்று ஒத்துக்கொண்ட இடத்தில்தான் கிருபைக்கு வேலையே இருக்கிறது.

அதே நேர்மையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஒரு இரவுக்கு முன்னால் மூன்றரை ஆண்டு இரவுகள் இருந்தன. மறதி நோய் கண்டவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இரவில் உறக்கமும் இல்லை, பகலில் நன்றியும் இல்லை. ஊட்டுகிற கை யாருடையது என்றே அவர்களுக்குத் தெரியாது. மாற்றி உட்கார ஓர் ஆள்கூட இல்லாமல் நீங்கள் ஒருவராகச் சுமந்திருக்கிறீர்கள். அது உங்கள் வீட்டாரும் சபையாரும் சேர்ந்து செய்த தவறு. அடக்க ஆராதனையில் உங்களை ரூத் என்று புகழ்ந்தவர்களில் எத்தனை பேர், அதற்கு முன்னால் ஒரு ராத்திரி வந்து ‘நீ போய்ப் படு, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொன்னார்கள்?

இப்போது உங்களைப் பயமுறுத்துகிற வசனத்துக்கு வருகிறேன். பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபமான 1 கொரிந்தியரின் 11-ஆம் அதிகாரத்தை 27-ஆம் வசனத்தில் தொடங்காமல் 20-இலிருந்து படித்துப்பாருங்கள். கொரிந்து சபையில் என்ன நடந்தது? அவனவன் தன் சொந்தச் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டான். ஒருவன் பசியாயிருந்தான், ஒருவன் குடித்து வெறியாயிருந்தான். வசதியுள்ளவர்கள் வயிறு நிறையத் தின்று குடித்தார்கள். வெறுங்கையோடு வந்தவன் பார்த்துக்கொண்டு நின்றான். ‘இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?’ என்று 22-ஆம் வசனத்தில் பவுல் கொதிக்கிறார். அபாத்திரமாய்ப் புசிப்பது என்று அவர் சொன்னது இதைத்தான். ‘அபாத்திரமாய்’ என்ற சொல், தமிழிலும் சரி, கிரேக்க மூலத்திலும் சரி, சாப்பிடுகிற விதத்தைக் குறிக்கிறது. பந்தியில் எப்படி நடந்துகொண்டாய் என்பது அங்கே கேள்வி. ‘அபாத்திரனான ஒருவன் புசித்தால்’ என்று பவுல் எழுதவில்லை. அப்படி எழுதியிருந்தால் ஐயர் முதல் கடைசி பெஞ்சுவரை நம்மில் ஒருவரும் முழங்கால்படியிட முடியாது.

அடுத்த வசனத்தையும் விட்டுவிடாதீர்கள். ‘எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து…’ இதுவரை வாசித்துவிட்டு நம்மில் பலர் எழுந்து போய்விடுகிறோம். வாக்கியம் அங்கே முடியவில்லை. ‘…இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்.’ சோதித்தறிந்து விலகிப் போகக்கடவன் என்று இல்லை. பதினொரு மாதமாக உங்களை நீங்கள் சோதித்துக்கொண்டே இருக்கிறீர்கள். வசனத்தின் பிற்பாதி இன்னும் நிறைவேறாமல் கிடக்கிறது.

நீங்கள் பக்கவாசல் வழியாக வெளியேறிய பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் நினைத்துப்பாருங்கள். சபை முழுவதும் சேர்ந்து, உமது மேசையிலிருந்து விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் நாங்கள் பாத்திரர் அல்ல என்று பொருள்படும் ஜெபத்தைச் சொல்கிறது. 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் திருச்சபையின் வழிபாட்டு முறையிலிருந்து நமக்கு வந்த ஜெபம் அது. கத்தோலிக்கச் சகோதரரும் நற்கருணை வாங்குவதற்குச் சற்று முன்னால், நான் தகுதியற்றவன் என்று இயேசுவிடம் வந்த ரோமப் படைத்தலைவனான நூற்றுக்கு அதிபதியின் வார்த்தையைச் சொல்கிறார்கள். எல்லாரையும் ‘தகுதியில்லை’ என்று சொல்லவைத்துவிட்டு, உடனே ‘வாருங்கள்’ என்று அழைக்கிறது திருச்சபை. எந்தக் காரணத்துக்காக நீங்கள் வெளியே போகிறீர்களோ, அதையே உள்ளே எல்லாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் ஊரில் ‘பாத்திரம் அறிந்து பிச்சையிடு’ என்று ஒரு பழமொழி உண்டு. அதைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். தகுதி பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், தகுதியோடுதான் வாங்க வேண்டும் என்பது நம் இரத்தத்தில் ஊறிப்போயிருக்கிறது. அதே சொல்லை லூக்கா 15-இல், தகப்பன் சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பும் கெட்ட குமாரன் சொல்கிறான்: ‘உம்முடைய குமாரன் என்று சொல்லப்படுவதற்கு நான் பாத்திரன் அல்ல.’ பன்றிகளின் நடுவில் உட்கார்ந்து அவன் ஒத்திகை பார்த்த பேச்சுக்கு இன்னொரு வரியும் இருந்தது: ‘உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்.’ வீட்டு வாசலில் அந்த வரி வரவேயில்லை. 19-ஆம் வசனத்தையும் 21-ஆம் வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப்பாருங்கள். பாத்திரன் அல்ல என்றதைத் தகப்பன் கேட்டார், மறுத்துப் பேசவில்லை. கூலிக்காரன் என்ற பேச்சுக்கு மட்டும் இடம் கொடுக்காமல், உயர்ந்த வஸ்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

சகோதரியே, உங்கள் வெள்ளிக்கிழமை உபவாசமும் நாலு மணி ஜெபமும் அந்தக் கூலிக்காரன் வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உபவாசம் நல்லது, ஜெபம் நல்லது. ஆனால் நீங்கள் அவற்றைக் கடைக்காரரிடம் பற்று எழுதிவிட்டு மாதாமாதம் அடைப்பதுபோலச் செய்கிறீர்கள். எவ்வளவு கட்டினால் கணக்குத் தீரும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்களா? அப்படி ஒரு தொகை கிடையாது. ‘நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்’ அவற்றை மன்னிப்பதற்கு அவர் ‘உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்’ என்று 1 யோவான் 1:9 சொல்கிறது. அந்த இடத்தில் இரக்கம் என்ற சொல் வந்திருந்தால்கூட எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்காது. நீதி என்கிறார் யோவான். கடன் சிலுவையில் ஏற்கெனவே அடைபட்டாயிற்று. அதை உங்களிடம் மறுபடியும் வசூலிப்பது தேவனுடைய நீதிக்கே அடுக்காது.

சிறுவயதில் எங்கள் ஊர் அசனத்தில், சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் பந்தியில், பார்த்த ஒன்று இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சபையோடு ஏதோ மனத்தாங்கல். ஒருவர் இரண்டு வருடமாகச் சபைக்குரிய வரிப் பணம் கட்டவில்லை, கோயிலுக்கும் வரவில்லை. அன்று மட்டும் தூரத்தில் பனைமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். சோற்றின் ஆவியும் கத்தரிக்காய்க் குழம்பின் வாசனையும் அதுவரை வந்திருக்கும். சபையைக் கவனித்துவந்த ஊழியரான உபதேசியார் அவரைப் பார்த்துவிட்டார். வரிப் புத்தகத்தைத் தேடவில்லை. ஓர் இலையை எடுத்துக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்து, பந்தியில் இரண்டு பேருக்கு நடுவில் உட்காரவைத்து, தாமே சோறு போட்டார். அந்த மனிதர் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டார். அழுதுகொண்டே சாப்பிட்டார் என்பது எனக்குப் பெரியவனான பிறகுதான் புரிந்தது.

வேதத்திலும் இப்படி ஒரு பந்தி இருக்கிறது. தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவின் பேரன் மேவிபோசேத்தைத் தாவீது ராஜா அழைத்தபோது, தன்னைச் ‘செத்த நாய்’ என்றான் அவன். அவனுக்கு ராஜாவின் பந்தியில் நித்தமும் அசனம் கிடைத்தது. 2 சாமுவேல் 9-ஆம் அதிகாரத்தின் கடைசி வார்த்தைகள் என்ன தெரியுமா? ‘அவனுக்கு இரண்டு காலும் முடமாயிருந்தது.’ பந்தியில் உட்கார்ந்த பிறகும் கால் முடம்தான். அந்த இரவின் நினைவு உங்களுக்கும் முழுவதுமாகப் போகாமல் இருக்கலாம். அது போன பிறகுதான் சாப்பிட வேண்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பாவத்தை லேசாக்கிவிடுகிறோமோ என்று கேட்டீர்கள். பவுலிடமும் இதைக் கேட்டிருக்கிறார்கள். ‘கூடாதே’ என்று ரோமர் 6-இல் ஒரே சொல்லில் பதில் வைத்திருக்கிறார். பாவத்தை லேசாக எண்ணுகிறவர்கள் பதினொரு மாதம் தூங்காமல் இருப்பதில்லை. வரி வசூலிப்பவனான சகேயுவை எடுத்துக்கொள்ளுங்கள். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று அவன் சொன்னது, இயேசு அவன் வீட்டுக்கு வந்த பிறகு. வீட்டுக்கு வருவதற்கு அதை அவர் நிபந்தனையாக வைக்கவில்லை. உங்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு இருந்தால், உங்கள் சபையிலேயே படுக்கையில் கிடக்கிற ஒரு பாட்டியும், அவரைப் பார்த்துக்கொள்கிற ஒரு மருமகளும் கட்டாயம் இருப்பார்கள். ஒரு ராத்திரி போய் அந்த மருமகளைத் தூங்கச் சொல்லுங்கள். அது எவ்வளவு பெரிய உதவி என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் முதலில் திருவிருந்து. அதற்குப் பிறகு இது.

உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அவர் அந்தத் தாயின் மகன். கேட்க அவருக்கு உரிமை உண்டு. அவருக்குக் கோபமோ அழுகையோ வரலாம், தாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த அறையில் படுத்திருந்தவருக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கவும் கூடும். ஒருவேளை அவரும், உதவ எழுந்து வராத குற்றவுணர்ச்சியோடு பதினொரு மாதமாக உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால் முதலில் ஐயரிடம் பேசுங்கள். ரூத் என்று புகழ்ந்தவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்காதீர்கள். இப்படிப்பட்ட அறிக்கையைக் கேட்பதற்கும் சேர்த்துத்தான் அவருக்கு அபிஷேகம். தூக்கமின்மையை மட்டும் ஆவிக்குரிய காரியம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். மாதக்கணக்கில் தூக்கம் கெட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற அரசின் இலவச எண்ணில் மனநல ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம். மருந்து வாங்கிச் சாப்பிடுவது விசுவாசக் குறைவு ஆகாது.

கடைசியாக அந்தத் தூக்குவாளி. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பியனுப்பக் கூடாது என்று நம் தாய்மார்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சர்க்கரையாவது ஒரு கை போட்டு அனுப்புவோம். அழகான வழக்கம். நானும் அதைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் நாத்தனார் இறந்தவரின் மகள். அவர் கையால் வருகிற குழம்பைக் கடனாக வைத்திருக்க உங்களால் முடியவில்லை. அதனால்தான் அன்றைக்கே நிறைத்து அனுப்பிவிடுகிறீர்கள். இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவ வந்தபோது பேதுருவும் ‘நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது’ என்றுதான் சொன்னார்; பார்ப்பதற்குத் தாழ்மைபோல இருந்தது. ‘நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை’ என்று இயேசு சொல்லிவிட்டார்.

இந்த வாரம் தூக்குவாளி வரும்போது, மூடியைத் திறந்து, சூடு ஆறுவதற்கு முன்னால் அந்தக் குழம்பை ஊற்றிச் சாப்பிடுங்கள். பிறகு கழுவித் துடைத்து, ஒன்றும் போடாமல் திருப்பிக் கொடுங்கள். கை நடுங்கும். பரவாயில்லை, கொடுங்கள். ‘குழம்பு நன்றாக இருந்தது மதினி’ என்று மட்டும் சொல்லுங்கள்.

அடுத்த முதல் ஞாயிறு கடைசி வரிசையிலேயே உட்காருங்கள், பக்கவாசலுக்கு எதிர்ப்பக்கமாக. உங்கள் வரிசை எழும்போது கூடவே எழுந்து போய் முழங்கால்படியிடுங்கள். இடது கைமேல் வலது கையை வைத்து, உள்ளங்கையைத் திறந்து நீட்டுங்கள். அன்றைக்கு அந்தக் கையில் வேறொன்றும் இருக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து, முடிந்தால் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.