கடைசிவரை கெட்டவனாகவே இருக்கும் வில்லன் நீண்ட தொடரில் தாக்குப்பிடிப்பானா?

தாராளமாகத் தாக்குப்பிடிப்பான். வருடக்கணக்கில் ஓடும் தொடரில் முதல் நாள் முதல் கடைசி நாள் வரை கெட்டது மட்டுமே செய்கிற, வேறு முகமே இல்லாத வில்லனைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். அவன் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். அவனிடம் மாட்டியவர்கள் அப்படியே இருக்கக் கூடாது, பெரும்பாலான தொடர்கள் சறுக்குவது அங்கேதான். கச்சேரியில் சுருதிப்பெட்டி மூன்று மணி நேரமும் ஒரே சத்தத்தைத்தான் போடுகிறது, அதற்காக யாரும் எழுந்து போவதில்லை, ஏனென்றால் மேலே பாட்டு நகர்ந்துகொண்டே இருக்கிறது.

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்ற ஆங்கிலத் தொடரில் வரும் இளம் ராஜா ஜாஃப்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையனிடம் ஒரு துளி நல்லது கிடையாது. கொடூரம், கோழைத்தனம், அகம்பாவம், அவ்வளவுதான். மூன்றாவது சீசன் கடைசி எபிசோடில் ஒரு காட்சி வரும். மந்திரிகள் உட்கார்ந்திருக்கும் சபையில் ஜாஃப்ரி தன் தாத்தா டைவினையே கோழை என்கிற மாதிரி பேசிவிடுகிறான். டைவின் கத்தவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் அவனையே பார்த்துவிட்டு, மன்னருக்குக் களைப்பாக இருக்கிறது, அறைக்குக் கூட்டிப் போங்கள் என்கிறார். பையன் எனக்கு ஒன்றும் களைப்பில்லை என்று முரண்டு பிடிக்கிறான். நாட்டுக்கே ராஜாவை எல்லோர் முன்னாலும் தூங்க அனுப்புகிறார்கள்! இந்தக் காட்சியில் ஜாஃப்ரியைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரிய வராது. நமக்குத் தெரிய வருவது டைவின் யார், அந்த மேஜையில் யார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்பது. அவனுக்கு நிச்சயம் செய்யப்பட்டிருந்த சான்சாவும் அப்படித்தான், அவனிடம் அடி வாங்கி வாங்கியே மரியாதையான வார்த்தைகளில் பொய் சொல்லக் கற்றுக்கொண்டாள். அவன் ஒரே இடத்தில் நின்றான், சுற்றி எல்லோரும் வேறு ஆட்களானார்கள்.

அப்புறம், அவனைச் சரியான நேரத்தில் கொன்றார்கள். 73 எபிசோட் ஓடிய தொடரில் 32ஆவது எபிசோடிலேயே, 2014இல், ஆள் காலி. இதே தொடரில் ராம்சே போல்டனும் ஏறக்குறைய அதே ரகம்தான், ஆனால் அவன் வந்தாலே எனக்குச் சலிப்புத் தட்டியது. இருபது ஆட்களோடு போய், படையெடுத்து வந்த எதிரி ஸ்டானிஸின் முகாமுக்கே தீ வைத்துவிட்டு வருகிறான், ஒரு காவலாளிகூடப் பார்க்கவில்லை! எப்படி என்று கேட்டால் பதில் கிடையாது, கதைக்கு அவன் ஜெயிக்க வேண்டியிருந்தது, ஜெயித்தான். வில்லன் எவ்வளவு கொடூரமாக வேண்டுமானாலும் இருக்கட்டும், ஆனால் எழுதுகிறவர் அவனுக்கு லஞ்சம் கொடுப்பது தெரிந்துவிட்டால் பயம் போய்விடுகிறது.

சரி, இதெல்லாம் வருடத்துக்குப் பத்து எபிசோட் வரும் தொடர். தினமும் வரும் சீரியல் வேறு உலகம். அங்கே ஒரே குணம் உள்ள வில்லன் ஒரு தொழில்முறைத் தேவையும்கூட. பார்ப்பவர் நடுவில் நான்கு நாள் விட்டிருப்பார், பாதிக் காட்சியை வேறு வேலை செய்துகொண்டே காதால் மட்டும் கேட்டிருப்பார், அவருக்கு முகத்தைப் பார்த்த இரண்டாவது நொடியில் இந்த ஆள் யார் என்று புரிந்தாக வேண்டும். அதனால் வில்லியின் உதட்டுச் சுழிப்பு, அந்த இசை, யாரும் இல்லாத அறையில் தன் திட்டத்தை ஒன்று விடாமல் சத்தமாகச் சொல்லும் ‘மைண்ட் வாய்ஸ்’ எல்லாவற்றையும் நான் மன்னித்துவிடுவேன். மன்னிக்க முடியாதது, போன மாதம் சொத்துப் பத்திரத்தைத் திருடி மாட்டி, காலில் விழுந்து அழுத அதே ஆள் இந்த மாதம் அதே பீரோ சாவியோடு நிற்பது. வீட்டில் இத்தனை பேர் இருந்தும் ஒருவர்கூட அந்தச் சாவியை மாற்றி வைக்கவில்லை!

‘எதிர்நீச்சல்’ குணசேகரன் இதற்கு நல்ல உதாரணம். 2022இல் தொடங்கியபோது அவருக்கு இருந்தது ஒரே கொள்கை: வீட்டுப் பெண்கள் வாயைத் திறக்கக் கூடாது. ஒன்றரை வருடம் கழித்தும் அதேதான். ஆனால் ஆரம்பத்தில் அடுக்களைக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்த நந்தினியும் ரேணுகாவும் நேருக்கு நேர் நின்று பேசத் தொடங்கினார்கள், அவர் மனைவி ஈஸ்வரி நிமிர்ந்தார். குணசேகரன் அசையாமல் இருந்ததால்தான் இவர்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று அளக்க முடிந்தது. அதோடு மாரிமுத்து அந்த வேடத்தை ரசித்துச் செய்தார், “ஏய் இந்தாம்மா” என்று ஆரம்பித்தாலே கோபமும் சிரிப்பும் சேர்ந்து வரும். 2023 செப்டம்பரில் அவர் இறந்த பிறகு வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல நடிகர்தான், ஆனாலும் எனக்கு ஒட்டவில்லை. எழுத்தில் ஒரே ஒரு வரியாக இருக்கும் வில்லன் முக்கால்வாசி நடிகரின் தொண்டையில்தான் இருக்கிறான் என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த ரசிப்பு இருந்தால் எவ்வளவு வருடமும் ஓட்டலாம். அமெரிக்காவின் ‘டாலஸ்’ 1978 முதல் 1991 வரை 357 எபிசோட் ஓடியது, அத்தனையிலும் ஜே.ஆர். என்ற வில்லனாக லாரி ஹாக்மேன் இருந்தார். அந்த ஆள் அடுத்தவனைக் கவிழ்த்துவிட்டுச் சிரிக்கும் சிரிப்பைப் பார்க்கவே உட்கார்ந்தவர்கள் ஏராளம்.

இன்னொன்று, வில்லன் தட்டையாக இருக்கிறான் என்று விமர்சனம் வந்ததும் சிலர் அவசரமாக ஒரு ஃப்ளாஷ்பேக் வைப்பார்கள், சின்ன வயதில் அப்பா அடித்தார், காதலி ஏமாற்றினாள் என்று. தயவுசெய்து வேண்டாம். இருநூறு எபிசோட் நான் முழுமனதோடு வெறுத்த ஆளுக்கு இரண்டு எபிசோடில் கண்ணீர் கேட்டால் எப்படி வரும்? அடுத்த வாரமே அவன் பழையபடி விஷம் வைக்கக் கிளம்பிவிடுவான் என்பது எனக்கும் தெரியும், எழுதியவருக்கும் தெரியும்.

ஒரு வில்லி தேறுவாளா என்று பார்க்க என்னிடம் ஒரு வழி இருக்கிறது. அவள் சதித்திட்டம் போடும் காட்சியில் என் அம்மா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் கதை முடிந்தது. இப்போது பார்க்கும் சீரியலில் தினமும் போகிறார். திரும்பி வந்து, “என்ன, மாட்டிக்கிட்டாளா?” என்பார். “இல்லம்மா, தப்பிச்சுட்டா.” “சரி” என்று ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைப்பார்.