முற்றத்தில் நிற்கும் மொறிஸ் பிக்கப்: முதலில் எதைத் தொடுவது?

கோண்டாவிலிலிருந்து ஓர் ஆசிரியர் கேட்டிருக்கிறார்: "அப்பா வெங்காயமும் புகையிலையும் ஏற்றிய மொறிஸ் மைனர் பிக்கப் எட்டு வருடமாக வீட்டுக் கொட்டிலில் நிற்கிறது. பற்றரி மாற்றியதும் எஞ்சின் ஸ்ரார்ட் ஆகிவிட்டது. ஆனால் பத்து நிமிடத்தில் கொதிக்கிறது. சனி, ஞாயிறுகளில் நானே திருத்த ஆசைப்படுகிறேன். எஞ்சினைக் கழற்றுவதா, பெயின்ற் அடித்துவிட்டுத் தொடங்குவதா?"

தம்பி, இரண்டும் இப்போது வேண்டாம். எஞ்சின் ஸ்ரார்ட் ஆனதில் உங்களுக்கு வந்திருக்கும் சந்தோஷம் எனக்கு நன்றாகத் தெரியும். அதே சந்தோஷத்தில்தான் நானும் இருபது வயதில் இதே மாதிரி வாகனம் ஒன்றுக்குப் பெயின்ற் அடித்து றோட்டில் இறக்கினேன். கைதடிப் பாலத்தால் இறங்கும்போது பிறேக்கை மிதித்தேன். பெடல் அப்படியே தரையோடு போய்விட்டது. பின்சில்லுக்குப் போகும் பைப் கறளில் வெடித்திருந்தது. கியரைக் குறைத்து, ஹாண்ட் பிறேக்கை இழுத்து, ஒருவரையும் இடிக்காமல் நிறுத்தினேன். மொறிஸ் மைனரின் பிறேக் ஒரே சுற்றில் ஓடுவது. ஓரிடத்தில் ஒயில் ஒழுகினால் நான்கு சில்லுக்கும் பிறேக் இல்லை. அன்றிலிருந்து என்னிடம் வரும் எந்தப் பழைய வாகனத்தையும் நிற்கப் பண்ணிய பிறகுதான் ஓடப் பண்ணுகிறேன்.

தொடங்குமுன் ஒரு வேலை. பதிவுப் புத்தகத்தில் உள்ள செசி (அடிச்சட்டம்) இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வாகனத்தில் உள்ளவையோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். யாழ்ப்பாணத்தில் ஓடிய மொறிஸ்கள் பலவற்றுக்கு இடைக்காலத்தில் யப்பான் எஞ்சின் ஏறியிருக்கிறது. இலக்கம் மாறியிருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைச் சரிசெய்துவிட்டுக் காசைச் செலவழியுங்கள்.

அடுத்தது வாகனத்தை உயர்த்துவது. சீமெந்துக் கல்லை ஒருபோதும் அண்டை கொடுக்காதீர்கள். அது சத்தமில்லாமல் நின்று திடீரென்று நொருங்கும். இரும்பு ஸ்ராண்ட் இரண்டு சோடி வாங்குங்கள். இல்லாவிட்டால் வைரம் பாய்ந்த பனங்குற்றியை இரு பக்கமும் மட்டமாக அறுத்து வையுங்கள். மாரியில் உங்கள் செம்மண் இளகிவிடும். ஜக்குக்கு அடியில் தடித்த பலகை போடாமல் உயர்த்த வேண்டாம்.

இப்போது ஒரு சிறிய சுத்தியலோடு கீழே போங்கள். மொறிஸ் காருக்குத் தனிச் செசி கிடையாது, பொடியே எல்லாப் பாரத்தையும் தாங்கும். பிக்கப்புக்கும் வானுக்கும் தனிச் செசி உண்டு. அது உங்களுக்குப் பெரிய வசதி, பெட்டி உக்கினாலும் வாகனம் பிழைக்கும். செசியைத் தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்று கேட்டால் நல்ல இரும்பு. 'டொப்' என்று அமுங்கிக் கேட்கும் இடத்தைச் சோக்கால் வட்டமிடுங்கள். பின் வில்லுகள் பொருந்தும் இடங்களையும் கபின் தரையின் ஓரங்களையும் இரண்டு தரம் தட்டுங்கள். எங்கள் கடற்காற்று உள்ளிருந்துதான் தின்னும், வெளியே பெயின்ற் பளபளக்கும். வட்டமிட்ட இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்டச் சொல்லுங்கள். கறளுக்கு மேல் புட்டி பூசுகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். பெற்றோல் தாங்கிக்கு வெல்டிங் வேண்டுமானால் அதைக் கழற்றி, அந்த வேலை தெரிந்தவரிடமே கொண்டுபோங்கள். வெறும் தாங்கிக்குள் நிற்கும் ஆவிதான் வெடிப்பது.

முன்சில்லு ஒவ்வொன்றையும் உயர்த்தி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மொறிஸின் முன்சில்லைத் தாங்குவது மரை வெட்டிய ஒரு கம்பி. அது மேலும் கீழும் மரை வெட்டிய உறைகளுக்குள் திரும்புகிறது. கிறீஸ் காணாத மரை தேய்ந்து ஒருநாள் கழன்றுவிடும், சில்லு மட்காட்டுக்குள் மடிந்து வாகனம் மூக்குக் குத்தும். பக்கத்துக்கு இரண்டாக, கிறீஸ் அடிக்கும் நான்கு நிப்பிள்கள் இருக்கின்றன. சில்லை உயர்த்திப் பாரத்தை எடுத்துவிட்டு, பழைய கிறீஸ் வெளியே பிதுங்கும்வரை அடியுங்கள். பிறகு 1500 கிலோமீற்றருக்கு ஒருமுறை.

பிறேக்கில் மிச்சம் பிடிக்க வேண்டாம். முன்சில்லுக்கு இரண்டிரண்டும் பின்சில்லுக்கு ஒவ்வொன்றுமாக ஆறு பிறேக் சிலிண்டர்கள். எட்டு வருடம் நின்ற வாகனத்தில் ஆறின் றப்பரும் போயிருக்கும். எல்லாவற்றையும் மாற்றுங்கள், வளையும் குழாய்களையும்தான். அவை வெளியே பார்வைக்கு நன்றாக இருக்கும், உள்ளே வீங்கி அடைத்து, மிதித்த பிறேக்கை விடாமல் பிடித்துக்கொள்ளும். பெடலை மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. அதன் போல்ற்றை இழுக்கவிடாமல், முன்சில்லுக்கு வில்லாக வேலை செய்யும் ரோர்ஷன் பார் என்ற நீண்ட இரும்புத் தண்டு குறுக்கே நிற்கும். அந்த ஒரு வேலைக்கு அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்திருங்கள். டிறம்மைக் கழற்றியதும் தூசியை ஊதாதீர்கள்; பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். ஈரத்துணியால் துடையுங்கள். பிறேக் பைப்புகளுக்குள் நிற்கும் காற்றை எடுக்கும்போது மாஸ்ரரிலிருந்து தூரமான இடது பின்சில்லில் தொடங்கி, வலது பின், இடது முன், வலது முன் என்று வாருங்கள். பெடலை மிதிக்க மகனையோ மகளையோ கூப்பிடுங்கள். பிறேக் ஒயில் பட்ட இடத்தில் பெயின்ற் உரியும். பெயின்ற் கடைசி வேலை என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனிக் கொதிப்புக்கு வருவோம். வீட்டுக் கேத்தலின் உள்ளே பார்த்திருப்பீர்கள்தானே, வெள்ளையாகக் கல்லுப்போல ஒரு படை? யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. அந்தக் கல்லால் ஊறி வரும் கிணற்றுத் தண்ணீரைத்தான் இத்தனை வருடமும் ரேடியேற்றருக்குள் ஊற்றியிருக்கிறோம். கேத்தலில் கட்டுவதே எஞ்சினுக்குள்ளும் கட்டும். எஞ்சின் ஆறியபின் புளொக்கின் பின்பக்கம் இருக்கும் வடிகால் குழாயைத் திறந்து பாருங்கள். ஒரு சொட்டும் வராவிட்டால் தண்ணீர் இல்லை என்று நினைக்க வேண்டாம், வண்டல் அடைத்திருக்கிறது. குழாயைக் கழற்றி, சைக்கிள் சில்லுக் கம்பியால் உள்ளே கிண்டுங்கள். முதலில் செங்கல் நிறச் சேறு வரும், பிறகு கட்டியான சல்லி, அதன் பிறகுதான் தண்ணீர். ஹோஸால் எதிர்ப்பக்கமாகத் தெளிந்த தண்ணீர் வரும்வரை அடியுங்கள். ரேடியேற்றரைக் கழற்றி, அதைத் திறந்து கம்பி ஓட்டிச் சுத்தம் செய்யும் கடையில் கொடுங்கள். இனிமேல் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கார்த்திகை மழையில் கூரைத் தண்ணீரைத் துணியில் வடித்துச் சேர்த்து, பாதிக்குப் பாதி கூலன்ற் கலந்து ஊற்றுங்கள். மழைத் தண்ணீர் தனியே நின்றால் இரும்பை அரிக்கும்.

மின்சாரத்தில் ஓர் எச்சரிக்கை. இந்த வாகனங்கள் பற்றரியின் நேர்முனையைப் பொடியில் இணைத்து வந்தவை. சிலர் பின்னர் மாற்றியிருப்பார்கள். உங்களுடையது எது என்று பார்க்காமல் ரேடியோவோ புது விளக்கோ பொருத்தாதீர்கள். சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்ப் 'டிக் டிக்' என்று அடித்து நிற்க வேண்டும். நிற்காமல் அடித்தால் பெற்றோல் வரவில்லை அல்லது எங்கோ ஒழுகுகிறது. சத்தமே இல்லாவிட்டால் உள்ளே மின்சாரம் தொடுக்கும் பொயின்ற் கருகியிருக்கும்.

எஞ்சினை வெளியே இறக்க இப்போது காரணம் இல்லை. ஆனால் ஒயில் கம்பியை இழுத்து மணந்து பாருங்கள். தொண்ணூறுகளில் போரால் வந்த எரிபொருள் தடைக்காலத்தில் உங்கள் அப்பாவின் வாகனமும் பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில்தான் ஓடியிருக்கும். அது முழுதும் எரியாமல் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும், வால்விலும் பிஸ்ரன் தலையிலும் கரி கட்டும். ஒயிலை மாற்றி, எஞ்சினின் நான்கு சிலிண்டர்களின் கொம்பிறஷனையும் (உள்ளே எழும் அழுத்தம்) அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகக் குறைவாக இருந்தால் ஹெட்டைக் கழற்றுங்கள். எஞ்சின் குளிரில் வால்வ் இடைவெளி 0.012 அங்குலம், பிளக் 0.025. வாகனம் அங்குலக் கணக்கில் செய்தது. ஸ்பானரும் அங்குலத்தில் வாங்குங்கள். அரை அங்குல நட்டில் 13 மில்லிமீற்றர் ஸ்பானரைப் போட்டால் மூலை மழுங்கி, அதைக் கழற்ற ஒரு முழு ஞாயிறு போகும்.

கழற்றிப் போட்ட ரயர், ஒயில் தகரங்களை வெறும் முற்றத்தில் விடாதீர்கள். மழைக்குள் அவை நுளம்புக்குத் தொட்டில். டெங்கு எங்கள் ஊரில் மாரியோடு வருவது.

பெயின்ற் தை முடிந்து காற்று உலர்ந்த பிறகு. நிறத்தைக் கடையில் தேட வேண்டாம். கபினில் இருக்கைக்குப் பின்னால், வெயில் படாத மூலையில் ஒரு சதம் அளவு இடத்தை மெல்லிய எமரிக் கடதாசியால் தேயுங்கள். மேல் நிறங்கள் ஒவ்வொன்றாகப் போய், அடியில் முதல் நிறம் வரும். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.